கடைசிக் கை

படம் முடிந்ததும் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பிரஷ்ஷைக் கையில் வாங்குவார். அம்மன் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி, மூக்குத்தியில் ஒரு மினுக்கு, சேலைக் கரையில் ஒரு இழுப்பு. அவ்வளவுதான். அதைக் 'கடைசிக் கை' என்பார். நாங்கள் நாலு பேர் மூன்று நாளாக எழுதிய படம் அந்த நிமிஷத்தில் ஒரே ஆள் எழுதிய படமாக மாறிவிடும். யார் எங்கே தடுமாறினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. தெரியக்கூடாது என்பதுதான் தொழில்.

கோவில்பட்டியில் இந்த வழக்கத்துக்குப் பெரிய பூர்வீகம் உண்டு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதிக்கொண்டிருந்த கொண்டையராஜு (1898–1976) 1940களில் இந்த ஊரோடு தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சீடர்களே குடும்பம். அவரும் டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், ராமலிங்கம் போன்றவர்களும் எழுதிய சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டராக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு முருகன் முகம் கோவில்பட்டியிலிருந்து போனதுதான் என்று நான் நம்புகிறேன். அந்தப் படங்களில் குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டவை உண்டு. சின்ன வயதில் அந்த இரண்டு பெயர்களையும் நான் சரியாகப் பார்த்ததில்லை. முருகனைத்தான் பார்த்தேன்.

நான் 1983இல் வேலைக்குச் சேர்ந்தேன். பதினாலு வயது. கடைப் போர்டு, சுவர் விளம்பரம், கோயில் சுதை வண்ணம் என்று இருபது வருஷம் ஓடியது. 1990களில் அறிவொளி இயக்கத்துக்காக ஊர் ஊராகப் போய்ச் சுவரில் எழுத்து எழுதினேன். ஆள் உயரத்துக்கு 'அ', 'ஆ'. கூலி சொற்பம், ஆனாலும் சந்தோஷமாக எழுதினேன். ராத்திரி மந்தையில் லைட் போட்டு, காட்டு வேலை முடித்து வந்த பெண்கள் அந்தச் சுவரைப் பார்த்துப் படிப்பதை நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். பிறகு பிளக்ஸ் வந்தது. ஒரு ராத்திரியில் பத்துப் போர்டு அடித்துத் தரும் மெஷினோடு கை போட்டிபோட முடியாது. எங்களில் சிலர் கட்டட பெயின்டிங் வேலைக்குப் போனார்கள், சிலர் திருப்பூர் போனார்கள்.

2013இல் ஒரு தன்னார்வக் குழு என்னைத் தேடி வந்தது. எட்டயபுரம் தாண்டிப் புதூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிச் சுவர். ஊர்க்காரர்களும், மாற்றுத்திறனாளிகளும், ஓவியரும் சேர்ந்து ஒரு படம் எழுத வேண்டும். நாலு நாள். ஐந்தாம் நாள் திறப்பு விழா. நான் ஒப்புக்கொண்டேன். கோடு நான் போடுவேன், வண்ணம் அவர்கள் நிரப்புவார்கள். எனக்கு அப்போது தெரிந்த ஏற்பாடு அது ஒன்றுதான்.

வந்தவர்களில் ஒரு பையன். பதினேழு பதினெட்டு வயதிருக்கும். காது கேட்காது, பேச்சு வராது. வானம் முழுக்க அவன் பொறுப்பு. ரோலரைக் கீழே வைக்காமல் மூன்று நாள் அடித்தான். வானம் திட்டுத்திட்டாக வந்தது. ஒரு பக்கம் நீலம் அடர்ந்து கிடந்தது, ஒரு பக்கம் சுவர் தெரிந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு விழா. ராத்திரி எட்டு மணிக்கு மேல், வாட்ச்மேன் டார்ச் பிடிக்க, அந்த வானம் முழுவதையும் நான் ஒரே கையாக ஓட்டிவிட்டேன். கடைசிக் கை. பழக்கதோஷத்தில் செய்தேன். செய்யும்போது எனக்கு உறுத்தவே இல்லை.

காலையில் அவன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு அம்மாவைக் கூட்டி வந்தான், தன் வானத்தைக் காட்ட. சுவருக்கு முன்னால் நின்றான். கிட்டப் போய் உள்ளங்கையை வைத்துத் தடவினான். என்னைத் திரும்பிப் பார்த்தான். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, சுவரைக் காட்டி, பிறகு காற்றில் உள்ளங்கையால் ஒரு இழுப்பு இழுத்தான். பலகையை அழிப்பது மாதிரி.

"என்ன அண்ணாச்சி சொல்லுதான் இவன்?" என்று அவன் அம்மா கேட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. அவன் விழாவுக்கு நிற்காமல் போய்விட்டான்.

அந்தத் திட்டுத்திட்டான வானம்தான் அழகு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். அது சரியாக வராத வானம்தான். ஆனால் எமல்ஷனில் எவ்வளவு தண்ணீர் விடுவது, ஈரம் காய்வதற்குள் அடுத்த ஓட்டத்தை எப்படி ஏற்றுவது என்று எனக்கு என் குரு இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பையனுக்கு நான் இரண்டு மணி நேரம்கூடச் சொல்லித்தரவில்லை. 'நல்லாருக்கு, நல்லாருக்கு' என்று மூன்று நாளும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். சொல்லிக்கொடுத்திருந்தால் அழித்திருக்க வேண்டி வந்திருக்காது. இரக்கப்பட்டுப் பாராட்டிவிட்டு ராத்திரியில் திருத்துவதைவிட, பகலிலேயே முகத்துக்கு நேராக 'இது சரியில்லை, இப்படி அடி' என்று சொல்வதுதான் மரியாதை. சக தொழிலாளியிடம் அப்படித்தானே சொல்வேன்.

அதற்கப்புறம் இந்தப் பக்கத்தில் நான் வேலை செய்த சுவர்களில் எல்லாம் ஒரு சட்டம் உண்டு. கூட்டம் கலைந்த பிறகு யாரும் தனியாகச் சுவரைத் தொடக்கூடாது. முதலில் நான்.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். மக்கள்தொகையோடு வகுத்துப் பார்த்தால், ஆயிரம் பேர் உள்ள ஊருக்குப் பதினாறு பேர். அப்போது சட்டத்தில் ஏழு வகைதான். 2016 சட்டம் 21 வகை என்று விரித்த பிறகு எண்ணினால் இன்னும் கூடும். ஊருக்குள் போய், 'இங்கே யாரும் இருக்காங்களா' என்று கேட்டால், 'ஒரு ஆள் இருக்காரு' என்பார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் காட்டுவார்கள். மிச்சப் பதினைந்து பேர் வீட்டுக்குள் இருப்பார்கள். அவர்களைக் கூட்டி வருவதற்குத்தான் நேரம் பிடிக்கும். படம் எழுதுவதைவிடக் கூடுதல் நாள் அதற்கு ஆகும். நாலு நாளில் முடிக்கச் சொல்லி யாராவது வந்தால் இப்போது நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு மாதம் வேண்டும். அதுவும் பங்குனி, சித்திரை. புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைக்கிற ஊரில் அப்போது போய்ப் படம் எழுதக் கூப்பிட்டால், வீட்டில் துணைக்கு ஒரு ஆள் இருக்காது. துணை இல்லாமல் பதினைந்து பேரில் பாதிப் பேர் தெருவுக்கு வர முடியாது. வெயில் காலம் என்றால் காலை ஆறிலிருந்து பத்து வரை, சாயங்காலம் நாலுக்கு மேல். நடுவில் சுவரைத் தொட்டால் கை பொசுங்கும்.

இரண்டாவது சுவரில் ஒரு பெரியவர் வந்தார். இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு காலும் சூம்பியவர். மூன்று சக்கர வண்டி. வந்தவர் சுவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏய்யா, படத்த மச்சுல மாட்டிட்டு என்னைய வந்து எழுதச் சொல்லுத" என்றார். சுவர் பத்தடி. நான் பத்தடிக்கும் கோடு போட்டு வைத்திருந்தேன். சாரம் கட்டுவதாக ஏற்பாடு. சாரம் ஏற முடிந்தவர்கள் கூட்டத்தில் மூன்று பேர்தான். அதில் நான் ஒருவன்.

அன்றைக்குக் கோட்டை அழித்தேன். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு, நாலரை அடி வரைக்கும்தான் படம் என்று வைத்தோம். மேலே வெறும் வெள்ளை. உயரம் குறைந்ததால் நீளம் கூடியது. பள்ளியின் முன்சுவர் முடிந்து, பக்கச் சுவர் திரும்பி, கண்மாய்ப் பக்கம் வரை ஓடியது. எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, கரிசல் காட்டுக்கு அதுதான் சரியான சட்டம் என்று. எங்கள் நிலத்தில் உயரமாக என்ன இருக்கிறது? பனை, அங்கொன்றும் இங்கொன்றும். மிச்சமெல்லாம் படுத்துக் கிடக்கிற காடு. இருபது வருஷமாக அதைத் தூக்கி நிறுத்தி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். உதவிக்கு வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி செல்போனில் ஒரு படம் காட்டினாள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வெள்ளக் கால்வாய்ச் சுவரில் ஜூடி பாக்கா என்ற அம்மா 1970களில் தொடங்கி, 400க்கும் மேற்பட்ட இளவட்டங்களைச் சேர்த்து எழுதிய சுவர். அரை மைல் நீளம். பெரியவரிடம் காட்டினேன். வாங்கி நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "நம்ம கண்மாய்க்கரையும் அவ்வளவு நீளம் வரும்லா?" என்றார்.

கட்டம் போடுகிற வேலையும் அவரால்தான் மாறியது. சின்னப் படத்தைப் பெரிதாக்க நாங்கள் நூல் அடித்துக் கட்டம் போடுவோம். சுண்ணாம்புத் தூளில் புரட்டிய நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் நேர்கோடு. கட்டம் என்பது என் வசதிக்காக இருந்தது, படம் முடிந்ததும் மறைந்துவிடும். இப்போது கட்டத்தை மறைப்பதில்லை. ஒரு கட்டம் ஒருவருக்கு. கட்டத்துக்குள் என்ன வரும் என்பது அவர் முடிவு. பக்கத்துக் கட்டத்தோடு எங்கே சேர வேண்டும் என்பது மட்டும் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கண்மாய்க்கரைக் கோடு இந்தக் கட்டத்தில் எந்த உயரத்தில் முடிகிறதோ, அந்தக் கட்டத்தில் அதே உயரத்தில் தொடங்க வேண்டும். அந்த ஒரு புள்ளிக்காக, அதுவரை பேசிக்கொள்ளாதவர்கள் பேசினார்கள்.

பேசிக்கொள்ளாதவர்கள் என்று நான் சொல்வது காது கேட்காதவர்களை அல்ல. எங்கள் ஊர்களில் தெரு என்று ஒன்று உண்டு. இந்தத் தெருக்காரர் அந்தத் தெருச் சுவரில் கைவைக்க மாட்டார். கோயில் சுவர் ஒரு தெருவுக்குச் சொந்தம், மந்தைச் சுவர் இன்னொரு தெருவுக்கு. அதனால்தான் எப்போதும் பள்ளிக்கூடச் சுவரைக் கேட்டு வாங்குகிறேன், எல்லாத் தெருப் பிள்ளைகளும் வருகிற இடம் அது ஒன்றுதான். அங்கேயும் இரண்டாம் நாள் டீ வந்தபோது ஒரு அம்மா தம்ளரை வாங்காமல் எழுந்து போனார்கள். போட்டவர் எந்தத் தெரு என்பதுதான் காரணம். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. ஒரு சுவர் எழுதி அதையெல்லாம் தீர்த்துவிட்டோம் என்று நான் எங்கேயும் சொல்வதில்லை. அந்த அம்மாவின் கட்டமும் டீ போட்ட பெண்ணின் கட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கரைக்கோடு சேருமிடத்தை இருவரும் விரலால் காட்டிப் பேசிக்கொண்டார்கள். நான் பார்த்தது அவ்வளவு.

சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனாமலை விட்டுவிட்டோம். டர்பன்டைன் வாடைக்குச் சில பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அவர்களுக்கு வாடையும் சத்தமும் ஒன்றாக வந்து அடிக்கும் என்று பெற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தண்ணீர் பெயின்ட் மட்டும்தான். கூட்டம் பிடிக்காத பிள்ளைகளுக்குச் சுவரின் கடைக்கோடியை ஒதுக்கினோம். ஒரு சிறுவன் இருபது நாளும் புள்ளி மட்டும் வைத்தான். மழை. பிடி பிடிக்க முடியாத கைகளுக்கு பிரஷ் காம்பில் சைக்கிள் டியூபைச் சுற்றினோம். எட்டாத கைக்குச் சோளத்தட்டையில் பிரஷ்ஷைக் கட்டினோம். கோடு போடக் கரி வேண்டும். அதற்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை. சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போடுகிற ஊர்கள் விளாத்திகுளம் வட்டாரம் முழுக்க இருக்கின்றன. ஓட்டை குத்திய தாளைச் சுவரில் வைத்து, துணிப்பொட்டலத்தில் கட்டிய கரித்தூளால் தட்டினால் உருவம் சுவரில் இறங்கிவிடும். கை நடுங்குகிறவர்களுக்கு இந்தத் தட்டுகிற வேலை கோட்டைவிட நன்றாக வரும்.

சுவர் மட்டும் யாருக்கும் அடங்காது. கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் காட்டில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். அதன்மேல் நிற்கிற சுவர் சும்மா இருக்குமா? கோணல்மாணலாக விரிசல். போதாதற்கு உப்புத் தண்ணீரில் குழைத்துப் பூசிய சுவர் என்றால் ஒரே வருஷத்தில் உப்புப் பூத்துப் பெயின்ட் பொரிந்து உதிரும். அதனால்தான் பெயின்டை விட்டு மண் ஓட்டுக்குப் போனோம்.

மண்ணுக்குப் போனதற்கு இன்னொரு காரணம் ஒரு அக்கா. பிறவியிலேயே பார்வை கிடையாது. அறுபது வயதிருக்கும். தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கிக் கொடுத்தவர். பள்ளம் போட்ட சட்டங்களில் ஒவ்வொரு குச்சியாக, ஒன்றின்மேல் ஒன்று படாமல் வைக்கிற வேலை. விரலாலேயே அடுக்கி, கண் உள்ளவர்களுக்குச் சமமாகக் கூலி வாங்கியிருக்கிறார். அவரைச் சுவருக்குக் கூட்டி வந்தார்கள். என்ன கொடுப்பது என்று தெரியாமல் பிரஷ்ஷைக் கொடுத்தேன். வாங்கி நாலு இழுப்பு இழுத்தார். "தம்பி, இது எனக்கு எதுக்கு? பூசுனா ஈரம்தான் தெரியுது, காஞ்சா அதுவும் தெரியல" என்று திருப்பிக் கொடுத்தார்.

சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றி என் குரு சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1950களில் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பார்வை அடியோடு போனது. அதற்கப்புறமும் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டினார், மண்ணில் உருவம் செய்தார், 1972இல் கலாபவனத்தில் ஓடு பதித்து ஒரு சுவர்ச் சித்திரமே செய்தார். அதே வருஷம் சத்யஜித் ராய் அவரைப் பற்றிப் படமெடுத்தார். பார்வை போனதும் அவர் தன் பழைய சாமான்களைக் கட்டிக்கொண்டு அழவில்லை, கைக்குத் தெரிகிற சாமானுக்கு மாறினார். அது எனக்கு அந்த அக்கா பிரஷ்ஷைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்குத்தான் உறைத்தது.

கரிசல் மண்ணில் ஓடு செய்து பார்த்தோம். நிழலில் காயும்போதே நாலாக வெடித்தது. மண்பானை செய்கிற ஒரு பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "கரிசலு வெள்ளாமைக்குத்தான்யா. கண்மாய் வண்டல எடுத்து மணலச் சேரு" என்றார். ஊறவைத்து, கல் பொறுக்கி, காலால் மிதித்து, பதம் பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான். முக்கால் அடிக்கு முக்கால் அடி ஓடு. நிழலில் பத்து நாள். பிறகு சூளை.

அக்காவுக்கு அப்போது சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கம்பங்கதிரை ஈர மண்ணில் வைத்து உருட்டினார். பருத்திக்காய், வெடித்த சுளை, மல்லி விதை, உளுந்து, பாசி. உளுந்தையும் பாசியையும் அருகருகே அமுக்கி, எது எது என்று என்னைத் தடவிச் சொல்லச் சொன்னார். எனக்குத் தெரியவில்லை. "நல்லாத் தடவும் தம்பி. அவசரப்படாதீரும்." மூன்றாம் நாள்தான் எனக்குப் பிடிபட்டது. உளுந்தில் வெள்ளையாக இருக்கிற அந்த மூக்கு, மண்ணில் ஒரு சின்னப் பள்ளமாகப் பதியும். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் படம் எழுதியவன், உளுந்தைக் கறுப்பு என்று மட்டும் அறிந்திருந்தேன்.

அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் 2013இல் போன பையன் வந்தான். ஆறு வருஷம் ஆகியிருந்தது. மீசை வைத்திருந்தான். யாரும் கூப்பிடவில்லை, சைக்கிளில் தானாக வந்து நின்றான். நான் போய் அவன் முன்னால் நின்று, அவன் அன்றைக்குச் செய்த அதே சைகையைச் செய்தேன். என் நெஞ்சைத் தொட்டு, சுவரைக் காட்டி, காற்றில் அழித்து, பிறகு கை கூப்பினேன். அவன் பதிலுக்கு ஒன்றும் காட்டவில்லை. மண் மிதிக்கிற இடத்துக்குப் போய் பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கினான். அன்றிலிருந்து சூளை அடுக்குவது அவன் பொறுப்பு. ஓடு எந்த நிறத்தில் வெந்தால் நெருப்பை நிறுத்துவது என்று பானை செய்கிற பெரியவர் அவனுக்குச் செய்து காட்டினார், வைக்கோலைக் கொளுத்தி, நிறம் மாறும்போது தோளில் தட்டி. நான் செய்யத் தவறியதை அவர் இயல்பாகச் செய்தார். என்னை அவன் மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. வேலைக்கு வருகிறான்.

எழுபது ஓடுகள் ஆயின. கடைசியில் பெயர் வைக்கிற பேச்சு வந்தது. கோவில்பட்டிப் படங்களின் மூலையில் இருந்த அந்த இரண்டு கையெழுத்துகள் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன. செய்த எல்லோர் பெயரும் தனித்தனி ஓட்டில், அவரவர் கையால். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் ஈர மண்ணைக் கயிறாகத் திரித்து எழுத்தாக ஒட்டிக் கொடுத்தேன். அக்காவின் முறை வந்தது. அவர் பெயர் 'மா'வில் தொடங்கும்.

"அறிவொளி நடந்தப்ப நானும் போனேன் தம்பி, மந்தைக்கு" என்றார். "உக்காத்தி வச்சிருந்தாக. எல்லாரும் சத்தமாச் சொல்லுவாக, நானும் சொல்லுவேன். செவத்துல எழுதியிருக்குன்னாக. செவத்தத் தடவிப் பாத்தேன். வழுவழுன்னு இருந்துச்சு."

எந்த ஊர் மந்தை என்று கேட்டேன். சொன்னார். அந்தச் சுவரை எழுதியவன் நான்தான்.

அக்காவிடம் அதைச் சொன்னேன். "அப்படியா" என்றார். பிறகு விரலை நீட்டினார். நான் ஒட்டி வைத்திருந்த எழுத்தின்மேல் அந்த விரலைக் கொண்டுபோய் வைத்தேன். இது 'ம', இதோ இது கால், இரண்டும் சேர்ந்தால் 'மா'. அக்கா 'ம'வை நாலைந்து முறை சுற்றி வந்தார். காலைத் தேடினார். விரல் வெறும் மண்ணில் கொஞ்ச தூரம் நடந்துதான் அதைக் கண்டுபிடித்தது.

"தம்பி, இந்தக் காலு ரொம்பத் தள்ளி நிக்கி. ரெண்டும் வேற வேறன்னுல்லா தெரியுது."

கண்ணுக்கு அந்த இடைவெளி சரியாகத்தான் இருந்தது. மண் இன்னும் ஈரமாக இருந்தது. காலைப் பெயர்த்தெடுத்து, அவர் விரல் காட்டிய இடத்தில் வைத்து அமுக்கினேன்.